கம்பெனி பஸ் ஏறிய கத்திரிக்காய் வகுப்பு

கனகத்தை விவசாயத்துக்குள் இழுத்துவிட்டது ஒரு கீரைக்கட்டுச் சண்டை.

ஒரகடம் கூட்டுரோட்டில் கிளியம்மாள் என்றொரு கீரைக்காரி உண்டு. அவளிடம் வாங்கிய அரைக்கீரைக் கட்டு மேலே தளதளவென்று இருந்தது. வீட்டில் பிரித்தால் உள்ளே பாதி அழுகல். மறுநாள் கனகம் அந்தக் கட்டையே கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றாள். ஷிப்ட் விட்டு வந்த கூட்டம் முழுக்க டீயும் கையுமாக வேடிக்கை பார்க்க, இரண்டு பேரும் ஒருவரையொருவர் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். கடைசியில் கிளியம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்:

"அவ்ளோ ரோசம் கீறவ நீயே வெதச்சித் துன்னேன். உன் வாய்க்கு பயந்துகினு தானா மொளைக்கும்."

"மொளைக்குதா இல்லியா பாருடி!" என்று சொல்லிவிட்டுத் திரும்பிய கனகம், வரும் வழியிலேயே விதை வாங்கிவிட்டாள்.

நிலம் இருந்தது. அதை நிலம் என்று சொன்னால் நிலமே சிரிக்கும். ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே, அவள் மாமனாரின் பூமியைத் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டபோது, சாலைக்கும் ஒரு கம்பெனியின் மதில்சுவருக்கும் இடையில் வால் மாதிரி ஒரு துண்டு மிஞ்சிப்போனது. "எடுத்துகினு போனவன் ஒயுங்கா மொத்தமா எடுத்துகினு போயிருக்கலாமில்ல? வால மட்டும் வுட்டுட்டுப் போய்ட்டான்," என்பாள். போன நிலத்துக்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அதில் நெல்லைவிடக் கல்தான் நன்றாக விளைந்தது என்பது அவள் கட்சி. கார் உதிரிபாகம் செய்யும் அந்த மதில்சுவர்க் கம்பெனியிலேயே அவளுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை. ஏ.சி. போட்ட ஹாலைத் துடைக்கும் சுகத்தை, சேற்றில் குனிந்து நாற்று நடுவதோடு ஒப்பிட்டு எவனாவது பாட்டுப் பாடினால் அவனைத் துடைப்பத்தாலேயே அடிப்பாள். கணவர் இராமச்சந்திரன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வீட்டில் பேசும் உரிமை மொத்தத்தையும் மனைவிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, நிம்மதியாக இருக்கிறவர்.

கீரை முளைத்தது. வாய்க்குப் பயந்தோ, போர்வெல் தண்ணீருக்கு நன்றி சொல்லியோ, நன்றாகவே முளைத்தது. முதல் கட்டை எடுத்துக்கொண்டு போய்க் கிளியம்மாளின் கூடைக்கு முன்னால் தொப்பென்று போட்டாள். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஜெயித்தவர்களுக்கு வரும் வியாதி கனகத்துக்கும் வந்தது. அடுத்து கத்திரிக்காய் போட்டாள். இத்தனைக்கும் அவளுக்குக் கத்திரிக்காயே பிடிக்காது.

கத்திரிச் செடிக்கும் அவளைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. இளங்குருத்தெல்லாம் தலை தொங்கியது. பிஞ்சில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. மருந்துக் கடைக்காரனிடம் போனாள். அவன் இரண்டு பாட்டில்களிலிருந்து எதையோ கலக்கி ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தான். அடித்துப் பார்த்தாள். புழு கொழுத்தது.

"கவர்மெண்ட்ல இதுக்குன்னு ஆபீசு கீதாம். போய்க் கேளேன்," என்றார் இராமச்சந்திரன். அந்த மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

எந்த ஆபீஸ் என்று சொல்லி ஒருவர் பிழைப்பில் மண் போடுவானேன்? விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் ஆபீஸ், அவ்வளவு போதும். உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர்தான். ஊர்ப் பெயரைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க ஏரியா நகர்ப்புறத்துல சேந்துடுச்சேம்மா. உங்களுக்கு மாடித்தோட்டத் திட்டம்தான் வரும். மாடி இருக்கா?"

"ஓட்டு வூடு சார்."

"மாடியே இல்லையா?"

"நெலம் கீது சார்."

"நிலத்துக்கு மாடித்தோட்டம் குடுக்க முடியாதே."

"செரி, நெலத்துக்கு இன்னா குடுப்பியோ அத்தக் குடு."

"அது கிராமத்துல இருந்தாத்தாம்மா."

கனகம் முந்தானையை இழுத்துச் செருகினாள். "அப்போ இன்னா பண்ணட்டும் சார்? நெலத்தச் சுருட்டிகினு போய் ஏதாவது கிராமத்துல விரிச்சி வெச்சிட்டு வரட்டா? இல்ல, நெலத்து மேல மாடி கட்டிட்டு வரட்டா?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்த பாவத்துக்குப் பரிகாரமாக ஒரு தகவல் சொன்னார்: வரும் புதன்கிழமை சமுதாயக் கூடத்தில் நகர்ப்புற விவசாயிகளுக்குப் பயிற்சி. புதிதாக வந்திருக்கும் உதவி அலுவலர் நடத்துகிறார். அங்கே போய்க் கேட்கலாம்.

புதன்கிழமை அவளுக்கு வார விடுமுறை. போனாள். கூடம் முழுக்க நாற்காலி. மேடையில் சுவர் அகலத்துக்குப் பேனர். மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஈர்க்குச்சிக்குச் சட்டை போட்டது போல ஓர் இளைஞர். அவர்தான் ஆறுமுகநயினார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எதிரே, சாப்பாட்டுப் பொட்டலத்துக்காகக் காத்திருந்த இரண்டு பெரியவர்கள். கூடத்தின் காவல்காரர் கடைசி வரிசையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். பதினோரு மணி வெயிலில், அந்த வட்டாரத்தில் செடி வளர்க்கிறவர்களில் பாதிப் பேர் லைனில் நின்று போல்ட் முடுக்கிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு ஜன்னலில் போர்வை கட்டித் தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்பது, அந்த நேரத்தை முடிவுசெய்தவர்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நயினார் மனம் தளரவில்லை. "அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே" என்று தொடங்கி, முழுப் பேச்சையும் காலி நாற்காலிகளுக்குப் பேசி முடித்தார். பிறகு மேடையிலிருந்து இறங்கி, கனகத்திடம் தயங்கித் தயங்கி வந்தார்.

"எக்கா, ஒரு ஒதவி பண்ணுவியளா? மேலதிகாரிக்கு போட்டோ அனுப்பணும். கூட்டம் நெறைய இருக்க மாதிரி. நீங்க இந்தப் பக்கம் கொஞ்சம் உக்காந்துட்டு, பொறவு அந்தப் பக்கம் மாறி உக்காந்தா..."

"அதுக்கு இன்னா, ஜோரா உக்கார்றேன். ஆனா உன் பேச்ச கேட்டதுல எனக்கு ஒரு எழவும் புரியல. என் கத்திரிச் செடிய நேர்ல வந்து பாப்பியா?"

பேரம் படிந்தது. முதல் படத்தில் கனகம் முந்தானையைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். அடுத்ததில் தலையில் முக்காடு. இன்னொன்றில் காவல்காரரின் துண்டைப் போர்த்திக்கொண்டு, சாப்பாட்டுப் பெரியவர்கள் நடுவே கைதூக்கிக் கேள்வி கேட்டாள். கடைசிப் படத்துக்கு முகம் தெரியாமல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. நயினார் மட்டும் சிரிக்கவில்லை. சொந்த ஊரில் அப்பாவோடு வாழைத் தோட்டத்தில் நின்ற பிள்ளை, படித்து வேலை வாங்கி வந்தது இந்த நாடகத்துக்கா என்ற கேள்வி அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கனகத்துக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போனது. பிடித்துப்போனவர்களை அவள் அதிகமாகத் திட்டுவாள்.

சொன்னபடி அன்று மாலையே வந்தார். தொங்கிய குருத்து ஒன்றைக் கிள்ளி, நகத்தால் கீறித் திறந்து காட்டினார். உள்ளே ரோஜா நிறத்தில் ஒரு புழு, வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி சுகமாக நெளிந்தது.

"மருந்து தண்டுக்கு வெளிய நிக்கி. இவன் உள்ள கெடக்கான். நீங்க அடிச்சது இவனத் திங்க வந்த நல்ல பூச்சியத்தான் கொன்னிருக்கு."

"அடப்பாவி மருந்துக் கடக்காரா! அவன நான் சும்மா வுட மாட்டேன் சார்."

"அவர விடுங்கக்கா. வாடின குருத்த எல்லாம் வாராவாரம் வெட்டி எரிங்க. பொறவு இத வைங்க." பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். உள்ளே ஒரு குட்டி ரப்பர் மூடி. "இதுக்குப் பேரு இனக்கவர்ச்சிப் பொறி."

"இன்னா கவர்ச்சி?"

நயினாரின் காது சிவந்தது. "அது வந்துக்கா... இந்த மூடியில பொம்பளப் பூச்சியோட வாசன இருக்கும். ஆம்பளப் பூச்சி அதத் தேடிக்கிட்டு வந்து... உள்ள விழுந்துரும். ஜோடி சேரல்லன்னா முட்ட கெடையாது பாருங்க."

கனகம் வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மதில்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கம்பெனி செக்யூரிட்டி எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் முதல் வேலையாக எல்லோருக்கும் அறிவித்தாள்:

"எங்க தோட்டத்துல மாப்ள டப்பா மாட்டிக்கீறேன்டி! பொண்ணு பாக்க வர்றவன் எல்லாம் உள்ளயே வுயுந்து சாவறான்!"

துறையில் எத்தனை துண்டுப் பிரசுரம் அடித்தும் சாதிக்காததை இந்த ஒரு வாக்கியம் சாதித்தது. அன்று மாலை மாப்பிள்ளைகளைப் பார்க்கக் கூட்டம் வந்துவிட்டது. டப்பாவுக்குள் விழுந்து கிடந்த அந்துப்பூச்சிகளை எட்டி எட்டிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தங்கள் சூப்பர்வைசர்களின் பெயரை வைத்தார்கள். சிரித்து முடித்ததும் ஒவ்வொருத்தியாகத் தன் வீட்டுச் செடியின் சங்கடத்தைச் சொல்லத் தொடங்கினாள். லைன் வீட்டில் குடியிருக்கும் ஜோதி, மொட்டைமாடியில் பெயிண்ட் டப்பாக்களில் தக்காளி வைத்திருந்தாள், பூக்கிறது, உதிர்கிறது. இன்னொருத்தி வீட்டுக்குப் பின்னால் சாக்கில் வெண்டை. செக்யூரிட்டிகூட மதில்மேல் தலையை வைத்துக்கொண்டு, கேட் ரூம் ஓரத்து மிளகாய்ச் செடி இலை சுருட்டுகிறது என்றார். ஒரே பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்த இத்தனை பேரும் ரகசியமாக விவசாயம் செய்துகொண்டிருந்தது கனகத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த முறை நயினார் வந்தபோது கனகம் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"சார், நீ ஹாலை வுட்டுட்டு பஸ் ஸ்டாப்புக்கு வா. காலைல பெட்ரோல் பங்க் எதிர்ல அத்தினி ஜனமும் பஸ்ஸுக்கு நின்னுகினு கீது."

"பஸ் ஸ்டாப்லயா? அங்க பேனர் எங்கக்கா கட்ட? வருகைப் பதிவு, நாற்காலி..."

"நாற்காலிக்கா பாடம் எடுக்கப் போற? போன தபா அதுங்களுக்கு எடுத்தியே, ஏதாவது ஒண்ணு கத்திரிக்கா வெச்சிதா?"

நயினார் பேனரைச் சுருட்டி வைத்தார். மறுநாள் விடிந்ததும் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். "அன்பார்ந்த விவசாயப் பெரு..." என்பதற்குள் பஸ் வந்துவிட்டது. பெருமக்கள் அத்தனை பேரும் படியில் பாய்ந்து ஏறி, ஜன்னல் வழியாகக் கையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். புழுதி அடங்கியபோது ஒரு நாயும் நயினாரும்தான் மிச்சம்.

ஆனால் மனிதர் அசரவில்லை. அடுத்த நாள் அன்பையும் பெருமக்களையும் வெட்டி எறிந்தார். நேராக விஷயத்துக்கு வந்தார்: "தக்காளிப் பூ உதிருதுன்னா, மத்தியான வெயில் படாம செடிக்கு மேல ஒரு பழைய சேலையக் கட்டுங்க." பஸ் வந்தது. அதற்கு அடுத்த நாள் ஒரு சங்கதி. ஒரு பஸ்ஸுக்கு ஒரு பாடம். அவருடைய மெல்லிய குரல் லாரிச் சத்தத்தில் மூழ்கும்போதெல்லாம், பக்கத்தில் நின்ற கனகம் அதைத் தன் பாஷைக்கு மாற்றிக் கத்துவாள். ஜோதி வீட்டுத் தக்காளி காய் பிடித்தது. ஸ்டாப்பில் சீக்கிரமாகவே வந்து நிற்கும் பழக்கம் ஜனங்களுக்கு வந்தது. பஸ் தாமதமானால் சந்தோஷப்பட்ட தொழிலாளிகளை அந்தச் சாலை அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

இந்த இடத்தில்தான் கனகத்தின் வாய் அவளையே கவிழ்த்தது.

வேப்பெண்ணெய்ப் பாடம் அன்று. லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும் என்றார் நயினார். மில்லியாவது ஒன்றாவது என்று நினைத்தாள் கனகம். "அஞ்சு மூடி ஊத்தி அடிங்கடி, பூச்சி பறந்துகினு ஓடும்!" என்று கத்தினாள். சோப்பும் வெயிலும் லாரிச் சத்தத்தோடு போயின. நயினாருக்கும் அது கேட்கவில்லை. அவர் அப்போது யாருக்கோ பிஞ்சு வெண்டையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

விடுமுறை நாளில் எல்லோரும் உச்சி வெயிலில் ஆசை தீர அடித்தார்கள். இரண்டு நாளில் மொட்டைமாடிகள் முழுக்கக் கருகல். ஜோதியின் தக்காளி, காயோடு சேர்ந்து பழுப்பாகித் தலை கவிழ்ந்தது. ஸ்டாப்பில் ஜோதி அந்தக் காய்ந்த கிளையை நயினாரின் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"இன்னா சார் இது? இதுக்குத்தான் டெய்லி காலங்காத்தால வந்து நின்னியா?"

சுற்றி இருந்தவர்கள் ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டார்கள். கனகத்துக்கு எங்கே தப்பு நடந்தது என்று அந்த நொடியே விளங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் வாய் திறக்கவில்லை. நயினார் அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "நான் சரியாச் சொல்லல்ல போலுக்கு. மன்னிச்சிருங்க," என்றார்.

பஸ் வந்தது. கனகம் ஏறி உட்கார்ந்தாள். கம்பெனியில் அன்று அவள் துடைத்த தரை பளபளத்தது என்றும், அவளிடம் பேச்சுக் கொடுத்தவர்களுக்கு ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது என்றும், காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்து ஒரு சூப்பர்வைசர் மாத்திரை கொடுத்தார் என்றும் சொல்கிறார்கள். நயினார் அவளைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பதிலுக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பாள். அந்த ஈர்க்குச்சி மனிதர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் ஸ்டாப்பில் அவள் பெட்ரோல் பங்க் ஓரத்துச் சிமெண்ட் கட்டைமேல் ஏறி நின்றாள்.

"தோ பாருங்கடி, எல்லாரும் கேட்டுக்கோங்க. நேத்து அந்தாளு மேல வுயுந்து பிடுங்குனீங்களே, அவரு ஒயுங்காத்தான் சொன்னாரு. மில்லிய மூடி ஆக்கினவ நான்தான். சோப்ப முயுங்கினவளும் நான்தான். திட்டறதா இருந்தா என்னத் திட்டுங்க. பஸ் வர்றதுக்குள்ள திட்டி முடிச்சிடுங்க, உள்ள வந்து ஆரம்பிக்காதீங்க."

திட்டினார்கள். ஜோதி மிக நன்றாகத் திட்டினாள். கனகம் முழுவதையும் வாங்கிக்கொண்டு, அடுத்த விடுமுறையிலேயே தன் தோட்டத்திலிருந்து தக்காளி நாற்றுகளை எடுத்துப்போய் ஜோதியின் பெயிண்ட் டப்பாக்களில் தானே நட்டுக் கொடுத்தாள். அதன் பிறகு நயினார் ஒன்றைச் சொன்னால், அதைக் கத்துவதற்கு முன்னால் அவரிடமே ஒருமுறை ஒப்பித்துக் காட்டினாள். அவர் தலையாட்டினால்தான் வாய் திறக்கும்.

இதற்குள் மேலதிகாரிக்குச் செய்தி போய்விட்டது. சமுதாயக் கூடம் பூட்டிக் கிடக்கிறது, போட்டோ வரவில்லை, உதவி அலுவலர் காலை வேளைகளில் பெட்ரோல் பங்க் அருகே நிற்கிறார். அந்த மேலதிகாரி லீலா மேடம் ஒரு காலை ஜீப்பில் வந்து இறங்கி, வண்டியை ஆபீஸுக்குத் திருப்பி அனுப்பினார். கஞ்சி போட்ட காட்டன் சேலை, தோளில் கைப்பை, முகத்தில் இடி.

"என்ன நடக்குது இங்க? முகாம் எங்க? பேனர் எங்க?"

நயினார் பஸ் ஸ்டாப்பைக் கை காட்டினார். மேடம் கைப்பையைக் கழற்றி அவர் கையில் திணித்து, அதற்குள்ளிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முழுசாக விளாசுவதற்குத் தயாரானார். அவர் நின்ற இடம்தான் தவறு. சரியாக பஸ்ஸின் கதவு வந்து நிற்கும் இடம் அது. பஸ் வந்தது. கதவு திறந்தது. தாமதமானால் அரை நாள் சம்பளம் போகும் என்ற பயத்தில் பாயும் கூட்டத்துக்கு முன்னால் கஞ்சி போட்ட சேலை எம்மாத்திரம்? "ஏய்... ஏய்... நான்..." என்ற குரல் படியேறி உள்ளே போனது. கதவு மூடியது. பஸ் கிளம்பியது. சாலையில் நயினார் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!" என்றார் லீலா மேடம்.

"நடுவுல நிறுத்தினா எனக்கு மெமோ குடுப்பாங்கம்மா," என்றார் டிரைவர். மெமோ என்ற சொல்லின் கனம் மேடத்துக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டார்.

கனகம் எழுந்து தன் சீட்டைக் கொடுத்தாள். "உக்காருங்க மேடம். கேட்டாண்ட போனா எங்கூட்டுக்காரரு ஆட்டோ வரும், திருப்பிக் கூட்டிகினு போவாரு." பிறகு திரும்பி, பஸ் முழுக்கக் கேட்கும்படி, "தோ, இவங்கதான் நம்ம சாருக்கே மேல இருக்கறவங்க. பெரிய படிப்பு. செடியப் பத்தி இன்னா வேணாலும் கேளுங்க!" என்றாள்.

மேடம் முறைத்தார். அதற்குள் பின்சீட்டிலிருந்து ஒருத்தி, "மேடம், முருங்கைல கம்பளிப் பூச்சி கும்பலா ஒட்டிகினு கீது, இன்னா பண்றது?" என்றாள். மேடம் வெடுக்கென்று பதில் சொன்னார். இன்னொருத்தி கறிவேப்பிலையில் புள்ளி என்றாள். அதற்கும் வெடுக்கென்று. அடுத்தது எலுமிச்சை. பதில் கொஞ்சம் நீண்டது. புதினா வந்தபோது மேடம் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். வாழைக்கு வந்தபோது குரல் உயர்ந்து, டிரைவரே பாட்டை நிறுத்திவிட்டார். "அப்படியில்ல, மண்ண நோண்டிப் பாத்தியா? கையில எடுத்து மோந்து பாத்தியா? பாக்காம எப்படிச் சொல்றது!" என்று அதட்டியபோது, அந்தத் தொழிலாளிப் பெண்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். மேடத்துக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்கிட்ட யாராவது செடியப் பத்திக் கேட்டு எத்தன வருஷமாச்சு தெரியுமா?" என்று கனகத்திடம் மெதுவாகச் சொன்னார். "ஆபீஸ்ல எல்லாரும் புள்ளிவிவரம்தான் கேக்கறாங்க."

கேட்டில் செக்யூரிட்டி அடையாள அட்டை கேட்டு மறித்தார். அது கைப்பையில். கைப்பை நயினாரிடம்.

"யோவ், இவங்க உன் மொளகாச் செடிக்கு வந்த டாக்டரு. வயி வுடு," என்றாள் கனகம்.

கைப்பையோடு இராமச்சந்திரனின் ஷேர் ஆட்டோவில் பதறியடித்து வந்து இறங்கிய நயினார் பார்த்த காட்சி: கேட் ரூம் ஓரத்தில் லீலா மேடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுருண்ட மிளகாய் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிச் செக்யூரிட்டிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். சேலையின் கஞ்சி முழுக்கக் கசங்கிப் போயிருந்தது. நயினாரைப் பார்த்ததும் எழுந்தார். "நாளைக்கு சாறு உறிஞ்சற பூச்சி ஒட்டிக்கிற மஞ்சள் அட்டை எடுத்துட்டு வந்து இவருக்குக் குடு. மெமோ பத்தி அப்புறம் பேசிக்கலாம்," என்றார். பிறகு பேசவேயில்லை.

அதன் பின்னர் ஆபீஸில் சில மாற்றங்கள் வந்தன. பயிற்சி நேரத்தை ஷிப்ட் நேரத்துக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம் என்றானது. மாடி இல்லாத நகர்ப்புறத்து நிலத்துக்கும் ஏதாவது செய்ய வழி உண்டா என்று லீலா மேடம் மேலே எழுதிக் கேட்டார். அதற்குப் பதில் இன்னும் வந்தபாடில்லை. பேனர் மட்டும் கட்டாயம் என்று விடாப்பிடியாக இருந்தார்கள். முதல் நாள் கட்டிய பேனர் எதிரே வரும் பஸ்ஸையே மறைத்ததில், நாலு பேர் ஏ ஷிப்டைத் தவறவிட்டார்கள். அதற்குப் பிறகு பேனரைப் பங்க்காரர் தன் பைக்குக்கு மூடும் துணியாகப் பயன்படுத்திக்கொண்டார். கனகத்துக்கு 'முன்னோடி விவசாயி' என்று ஒரு பட்டம் கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது. ஆனால் சண்டைகளில் நல்ல உபயோகம். "யாரப் பாத்துப் பேசற? முன்னோடிடி நானு!" என்று தொடங்கினால் எதிராளிக்குச் சிரிப்பு வந்து பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

சமீபத்தில் சுங்குவார்சத்திரத்துப் பக்கம், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். மொட்டைமாடியில் காலிச் சாக்குகளைப் பரப்பி வைத்துக்கொண்டு பெண்கள் காத்திருந்தார்கள். தென்காசி, தர்மபுரி, ஒடிசா என்று ஆளுக்கொரு பேச்சு. கனகம் தக்காளி, வெண்டை என்று ஆரம்பிக்கும் முன்னே, ஐஸ்வர்யா என்றொரு பெண் கையைத் தூக்கினாள்.

"அக்கா, காய் எல்லாம் கேண்டீன்லயே போடறாங்க. எங்களுக்குத் தலைக்கு வைக்கப் பூ வேணும். மல்லி வருமா இங்க?"

கனகம் மொட்டைமாடியைச் சுற்றிப் பார்த்தாள். வெயில் தளத்தில் பட்டுத் தெறித்தது. தண்ணீரோ, கம்பெனி லாரி கொண்டுவரும் உப்புத் தண்ணீர். மல்லியைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

"தெரியாதும்மா," என்றாள். "இரு, தெரிஞ்சவரக் கேப்போம்."

போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மறுமுனையில் நயினார் வாயில் சோற்றோடு பேசினார்.

"உப்புத் தண்ணியாக்கா? பாத்துத்தான் சொல்லணும். ஞாயித்துக்கெழம காலைல வாரேன்."

பெண்கள் எல்லோரும் ஒரே குரலில், "ஞாயிறு ஓவர்டைம் சார்!" என்றார்கள்.

"கேட்டுச்சா?" என்றாள் கனகம். "திங்கக்கெயம காலைல பி ஷிப்ட் போறதுக்கு முன்னாடி வந்துடு. நல்லா துன்னுட்டு வா சார், மாடி ஏறணும். உன்ன மாதிரி ஆளுங்கள காத்து தூக்கிகினு போயிடப் போவுது."